காற்றுக்குக் கதவைத் திறந்தவள்

1927. கலிஃபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டு ஊருக்கு அப்பால், மொஹாவி பாலைவனம். காலண்டர் என்னவோ வசந்த காலம் என்றுதான் சொன்னது. வெப்பமானி 120 டிகிரி ஃபாரன்ஹீட் என்றது! மேக்கப்போடு நடந்து வந்த கதாநாயகி ஒரு கதவைத் திறக்க அதன் இரும்புப் பிடியில் கை வைத்தார். அவ்வளவுதான், உள்ளங்கைத் தோல் பிடியோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டது.

அந்தப் பக்கம் கேமராக்காரர்களுக்கு வேறு தலைவலி. வெயிலில் பிலிம் சுருளின் மேல்பூச்சு உருக ஆரம்பித்துவிட்டது. கடைசியில் பிலிமை எல்லாம் ஐஸில் பொதிந்து வைத்தார்கள். பாலைவனத்தில் மனிதர்கள் தவிக்க, ஐஸ் முழுக்க பிலிமுக்கு!

இது போதாதென்று, வரிசையாக விமான புரொப்பெல்லர்களை நிறுத்திச் சுழல விட்டார்கள். எட்டு என்று கதாநாயகியே பிற்பாடு கணக்குச் சொல்லியிருக்கிறார். எதற்கு? காற்றுக்குத்தான். புரொப்பெல்லர் முன்னால் மணலைக் கொட்ட, பக்கத்தில் கந்தகப் புகை போட, அவ்வளவும் நேராக அந்த அம்மாவின் முகத்தில் போய் அறைந்தது. படப்பிடிப்புக் குழு கண்ணாடி மாட்டிக்கொண்டு, வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு நின்றது. நடிக்கிறவர் எப்படிக் கண்ணாடி மாட்டிக்கொள்வது? திறந்த கண்ணோடுதான் நின்றார்.

அவர் பெயர் லிலியன் கிஷ். படத்தின் பெயர் ‘தி விண்ட்’. காற்று!

லிலியன் கிஷ் என்றால் சினிமா சரித்திரம் படித்தவர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது பனிக்கட்டி. ‘வே டவுன் ஈஸ்ட்’ (1920) படத்தில் ஆற்றில் மிதந்து போகிற பனிப்பாளத்தின் மேல் மயங்கிக் கிடப்பார். ஒரு கையும் தலைமுடியும் தண்ணீரில் தொங்கும். டூப் எல்லாம் கிடையாது, நிஜ ஆறு, நிஜப் பனி. அந்தக் காட்சியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஏழு வருடம் கழித்து அதே பெண்மணி பாலைவனத்தில் வெந்தது மட்டும் ரொம்ப காலம் யார் கண்ணிலும் படவில்லை. மௌன சினிமாவின் மகத்தான படங்கள் என்று பட்டியல் போடுகிறவர்கள் சாப்ளின், முர்னாவ், ஐஸன்ஸ்டைன் என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, இதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

கதை ஒரு நாவலிலிருந்து ஆரம்பிக்கிறது. எழுதியவர் டாரதி ஸ்கார்பரோ. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்றுக்கொடுத்த பெண்மணி, ஆனால் பிறந்தது டெக்ஸாஸ். சின்ன வயதில் குடும்பத்தோடு மேற்கு டெக்ஸாஸில் ‘ஸ்வீட்வாட்டர்’ என்கிற ஊரில் கொஞ்ச காலம் இருந்தவர். பெயரைப் பாருங்கள், நல்ல தண்ணீர்! அந்த ஊரில் 1880-களில் வந்த கடும் வறட்சியைப் பின்னணியாக வைத்து அவர் எழுதிய நாவல் 1925-ல் வெளிவந்தது. அட்டையில் ஆசிரியர் பெயர் கிடையாது. ‘யார் எழுதியிருப்பார்கள்?’ என்று பரபரப்பு கிளம்பட்டுமே என்று பதிப்பகம் செய்த தந்திரம்.

பரபரப்பு கிளம்பியது, வேறு விதமாக! ஸ்வீட்வாட்டர்காரர்களுக்குக் கோபமான கோபம். ‘எங்கள் ஊரில் காற்றடித்துப் பெண்களுக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? எவன் எழுதினான் இதை? டெக்ஸாஸ் பக்கமே வந்திருக்க மாட்டான்’ என்று குமுறினார்கள். உள்ளூர் வக்கீல் ஒருவர் உட்கார்ந்து, நாவலில் உள்ள தப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி மறுப்பு எழுதினார். ‘நானும் அந்த ஊர்க் காற்றில் வளர்ந்தவள்தான் ஐயா’ என்கிற தோரணையில் ஸ்கார்பரோ பதில் எழுதினார். அடுத்து வந்த பதிப்பில் அவர் பெயர் அட்டைக்கு வந்துவிட்டது.

வக்கீல் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஸ்வீட்வாட்டர் சுத்தப் பாலைவனம் அல்ல, மேய்ச்சல் நிலம். மழை பொய்த்த வருடங்களில்தான் புல் கருகி, மாடு செத்து, மண் பறக்கும். நாவல் அந்த வருடங்களைப் பிடித்துக்கொண்டது. சினிமாவோ இன்னும் ஒரு படி மேலே போய் நிஜப் பாலைவனத்துக்கே கதையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. (காற்று விஷயத்தில் மட்டும் ஊர்க்காரர்களால் ரொம்ப நாள் வாதாட முடியவில்லை. ஸ்வீட்வாட்டரை ஒட்டிய ரோஸ்கோவில் 627 காற்றாலைகளுடன் 2009-ல் ஒரு மின்பண்ணை கட்டி முடித்தார்கள். அன்றைக்கு உலகத்திலேயே பெரியது அதுதான்!)

நாவலைப் படித்துவிட்டு, இதைப் படமாக எடுத்தே தீர வேண்டும் என்று எம்.ஜி.எம். ஸ்டூடியோவின் வாசலில் போய் நின்றது யார்? தயாரிப்பாளர் இல்லை, டைரக்டர் இல்லை. லிலியன் கிஷ். நாலு பக்கத்துக்குக் கதைச் சுருக்கம் எழுதிக்கொண்டு போய், எம்.ஜி.எம்-மின் இளம் மூளையான இர்விங் தால்பெர்கிடம் கொடுத்தார். டைரக்டராக விக்டர் ஷோஸ்த்ரோம் வேண்டும் என்றார். கதாநாயகனாக லார்ஸ் ஹான்சன் வேண்டும் என்றார். இருவரும் ஸ்வீடன்காரர்கள். ஒரு வருடம் முன்பு ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ படத்தில் மூன்று பேரும் சேர்ந்து வேலை செய்தவர்கள். திரைக்கதை எழுதியது ஃபிரான்சஸ் மேரியன், அவரும் பெண். ஆக, நாவல் ஒரு பெண், திரைக்கதை ஒரு பெண், படத்துக்கு விதை போட்டது ஒரு பெண். 1927 ஹாலிவுட்டில் இப்படி நடந்திருக்கிறது!

சரி, படத்தில் என்னதான் இருக்கிறது?

லெட்டி என்கிற அநாதைப் பெண். பச்சைப் பசேல் வர்ஜீனியாவிலிருந்து ரயிலேறி, மேற்கு டெக்ஸாஸில் இருக்கும் அண்ணன் முறையுள்ள உறவுக்காரன் வீட்டுக்கு வருகிறாள். ரயிலிலேயே மணல் ஜன்னல் வழியே வந்து மடியில் விழுகிறது. எதிரில் ஒரு மீசைக்காரர். வர்ட் ராடி, மாட்டு வியாபாரி, மரியாதையான பேச்சு. ‘இந்த ஊர்க் காற்று மனிதர்களைப் பைத்தியமாக்கும். முக்கியமாகப் பெண்களை’ என்று எச்சரிக்கிறார். கவனியுங்கள். காற்றைப் பற்றிப் பயமுறுத்துகிறவர்தான் பின்னால் காற்றைப் போலவே வந்து நிற்கப் போகிறவர்.

வந்து சேர்ந்த வீட்டில் அண்ணன் நல்லவன்தான். அண்ணி கோராவுக்குத்தான் ஆகவில்லை. ஏன் ஆக வேண்டும்? ஒரு காட்சி இருக்கிறது. கோரா ஒரு முழு மாட்டைத் தொங்கவிட்டு, கையெல்லாம் ரத்தமாக அறுத்துக்கொண்டிருக்கிறாள். அதே அறையில் லெட்டி, நறுவிசாகத் துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். குழந்தைகள் அம்மாவின் ரத்தக் கையைக் கண்டு ஒதுங்கி லெட்டியிடம் ஓடுகின்றன. கோராவின் முகத்தில் ஒரு விநாடி வந்து போகும் வலியைப் பாருங்கள். அவளை வில்லி என்று ஒதுக்க மனசு வராது. அந்தக் காற்றில், அந்த மண்ணில், மூன்று பிள்ளை பெற்று மாடறுத்து மாடறுத்தே இப்படி ஆனவள். லெட்டிக்கும் பத்து வருடத்தில் அதே கதிதானோ என்று நமக்கே பயம் தட்டுகிறது.

‘கிளம்பு’ என்கிறாள் கோரா. எங்கே போவது? ராடி கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறாரே என்று போனால், அவருக்கு ஏற்கெனவே மனைவி உண்டு என்று தெரிகிறது. கையில் காசு இல்லை, திரும்பிப் போக வீடு இல்லை. மிச்சமிருப்பது லைஜ் என்கிற முரட்டு இளைஞன். அவனைத் துளியும் பிடிக்காமலே கழுத்தை நீட்டுகிறாள்.

முதலிரவுக் காட்சிக்காகவே இந்தப் படத்தைப் பார்க்கலாம். அவசரப்பட வேண்டாம், நீங்கள் நினைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை! அவன் ஆசையாகக் காபி போட்டுக் கொடுக்கிறான். வாயில் வைக்க முடியவில்லை. அவன் பார்க்காதபோது ஊற்றிவிடுகிறாள். அப்புறம் இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில். கேமரா முகத்தைக் காட்டாமல் கால்களைக் காட்டுகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் அவன் பூட்ஸ் கால்கள் முன்னும் பின்னும் நடக்கின்றன. இந்தப் பக்கம் அவள் கால்கள் தவிக்கின்றன. அவனுக்குத் தாபம், அவளுக்குக் கலக்கம். ஒரு வார்த்தை வசனமில்லாமல், நாலு கால்களை வைத்தே ஒரு கல்யாணத்தின் மொத்த சோகத்தையும் சொல்லிவிடுகிறார் ஷோஸ்த்ரோம்! பிறகு அவன் உள்ளே வந்து பலவந்தமாக முத்தமிட, அவள் அருவருத்து விலகுகிறாள். முரடன்தான், ஆனாலும் புரிந்துகொள்கிறான். இனி உன்னைத் தொட மாட்டேன், காசு சேர்த்து உன்னை ஊருக்கே அனுப்பிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறான். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்கிறான். எனக்குத் தெரிந்து அந்தக் காலத்து ஹாலிவுட் நாயகர்களில், ‘வேண்டாம்’ என்று மனைவி சொன்னதை ‘வேண்டாம்’ என்றே புரிந்துகொண்ட அபூர்வமான ஆசாமி இவன்தான்.

அப்புறம் தனிமை. ஒற்றை மரவீடு, சுற்றிலும் ஒன்றும் இல்லை. தட்டு கழுவத் தண்ணீர் இல்லாமல் லெட்டி மணலை அள்ளித் தட்டுகளைத் தேய்க்கிறாள். எந்த மணலைத் துடைத்துத் தள்ளப் பார்க்கிறாளோ, அதே மணலால்! விளக்கு ஆடுகிறது, ஜன்னல் அதிர்கிறது, அவள் கண்கள் மட்டும் பெரிதாகிக்கொண்டே போகின்றன.

வடக்கிலிருந்து வீசும் காற்றுக்கு நம்மிடம் வாடை என்று பெயர். தலைவனைப் பிரிந்து தனியாகக் கிடப்பவளை வாட்டுவதற்கென்றே சங்கப் புலவர்கள் அதை வைத்திருந்தார்கள். டெக்ஸாஸில் அதற்கு ‘நார்தர்’ என்று பெயர். செவ்விந்தியர்கள் அதை மேகத்தில் ஓடும் பேய்க்குதிரையாக நம்பினார்கள் என்கிறது படம். வாடை அடிக்கும்போதெல்லாம் வானத்தில் ஒரு வெள்ளைக் குதிரை பிடரி சிலிர்க்கப் பாய்ந்து வரும். ஒரு காட்சியின் மேல் இன்னொரு காட்சியைப் பதித்து எடுத்தது. கம்ப்யூட்டர் பார்த்துப் பழகிய கண்ணுக்குக்கூட அந்தக் குதிரை கொஞ்சம் கிலி கொடுக்கிறது.

காட்டுக்குதிரை பிடித்துக் காசு சம்பாதிக்க லைஜ் போய்விடுகிறான். வாடை உச்சத்தில் அடிக்கும் ராத்திரியில் ராடி வந்து கதவைத் தட்டுகிறான். மயங்கி விழுந்தவளைத் தூக்கிக் கட்டிலில் போடுகிறான். வானத்தில் குதிரை பாய்கிறது. அதற்கு மேல் படம் எதையும் காட்டவில்லை. காலையில் மேஜை மேல் ராடியின் துப்பாக்கி. ‘என்னோடு வந்துவிடு’ என்கிறான் அவன். அவள் சுடுகிறாள். பிணத்தை வெளியே இழுத்துப்போய் மணலில் புதைக்கிறாள். ஜன்னலருகே உட்கார்ந்து பார்க்கிறாள். காற்று மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைக்கிறது. முதலில் கை தெரிகிறது. அப்புறம் முகம்...

நாவலில் இதோடு அவளுக்குப் புத்தி பேதலித்து, புயலுக்குள் ஓடிச் செத்துப்போகிறாள். படத்தில் அப்படி இல்லை. லைஜ் திரும்பி வருகிறான். ‘கொன்றுவிட்டேன், புதைத்துவிட்டேன்’ என்கிறாள். அவன் வெளியே பார்க்கிறான். பிணத்தைக் காணோம். நியாயத்துக்காகச் செய்த கொலை என்றால் காற்றே தடயத்தை மூடிவிடும் என்கிறான். கடைசியில் அவளே எழுந்து கதவைத் திறக்கிறாள். இருவரும் வாசலில் நின்று காற்றை எதிர்கொள்கிறார்கள். படம் முடிந்தது.

இந்த முடிவைச் சுற்றித்தான் சினிமா உலகத்தின் பெரிய புலம்பல் ஒன்று இருக்கிறது. நாங்கள் எடுத்தது நாவலின் சோக முடிவைத்தான், தியேட்டர்காரர்கள் முகம் சுளித்ததால் ஸ்டூடியோ எங்கள் தலையில் சுப முடிவைக் கட்டிவிட்டது என்று லிலியன் கிஷ் பல வருடங்கள் சொல்லி வந்தார். வியாபாரிகள் ஒரு கலைப்படைப்பின் வாலை வெட்டிவிட்டார்கள் என்று விமர்சகர்களும் அதை அப்படியே எழுதினார்கள். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! பிற்பாடு ஆராய்ச்சியாளர்கள் பழைய ஸ்டூடியோ காகிதங்களைக் குடைந்து பார்த்தார்கள். திரைக்கதையின் ஆரம்ப வடிவத்தில் சோக முடிவு இருந்தது உண்மை. அது படமாக்கப்பட்டதற்கு மட்டும் எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை.

அம்மணி பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். கை வெந்து, கண் எரிந்து நடித்த படத்துக்கு இதைவிட நல்ல முடிவு இருந்திருக்க வேண்டும் என்று அறுபது வருடம் நினைத்துக்கொண்டே இருந்தால், அது எடுத்த மாதிரியே ஆகிவிடும்.

ஆனால் அந்தப் புலம்பலில் நான் கலந்துகொள்வதாக இல்லை. யோசித்துப் பாருங்கள். கெடுக்கப்பட்ட பெண் கடைசி ரீலில் சாக வேண்டும் என்பது உலகத்திலேயே பழைய முடிவு. எத்தனை ஊர் நாவல்களில், எத்தனை மொழி சினிமாவில் பார்த்திருக்கிறோம்! நம் ஊர்ப் படங்களிலும் அவளுக்கு அரளிவிதை, கிணறு, இல்லாவிட்டால் கெடுத்தவன் கையாலேயே தாலி. இங்கே ஒருத்தி, தன்னைக் கெடுத்தவனைச் சுட்டுக் கொல்கிறாள். போலீஸ் வரவில்லை, கோர்ட் வரவில்லை, ஆகாயத்திலிருந்து இடி விழவில்லை. புருஷன் ‘ஏன் செய்தாய்?’ என்று கேட்கவில்லை. அவள் உயிரோடு, புத்தி தெளிந்து, ‘இனி காற்றுக்குப் பயமில்லை’ என்று நிற்கிறாள். கலைத்துணிச்சல் என்று எல்லோரும் கொண்டாடும் அந்தச் சோக முடிவில் அவளுக்குத் தண்டனை உண்டு. வியாபார சமரசம் என்று திட்டு வாங்கும் இந்த முடிவில் விடுதலை! எது துணிச்சல்?

இன்னும் சில வருடம் தள்ளிப் போயிருந்தால் இதை எடுத்திருக்கவே முடியாது. 1930-ல் ஹாலிவுட் தனக்குத்தானே ஒழுக்க விதிகள் எழுதிக்கொண்டது. 1934-லிருந்து அதைக் கறாராக அமல்படுத்தினார்கள். குற்றம் செய்தவர் தப்பவே கூடாது என்பது அதில் ஆதார விதி. லெட்டியை எப்படியாவது ஜெயிலுக்கோ சுடுகாட்டுக்கோ அனுப்பித்தான் ஆக வேண்டியிருந்திருக்கும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். லைஜ் மேல் அவளுக்குத் திடீரென்று பொங்குகிற காதல், அவசரமாக ஒட்டவைத்த மாதிரித்தான் இருக்கிறது. இன்னும் பத்து நிமிடம் கொடுத்திருக்கலாம்.

படம் எடுத்து முடித்ததும் ரிலீஸ் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஸ்டூடியோ பெட்டியைப் பூட்டி வைத்துவிட்டது. அதற்குள் 1927 அக்டோபரில் ‘தி ஜாஸ் சிங்கர்’ வந்து, திரையில் அல் ஜோல்சன் வாயைத் திறந்து பாடிவிட்டார். உலகம் தலைகீழாகிவிட்டது. 1928 நவம்பரில் ‘தி விண்ட்’ வெளியானபோது ஜனங்களுக்குத் தேவை பேசும் படம், எதுவானாலும் பேச வேண்டும், உளறினாலும் சரி. எம்.ஜி.எம். அவசரத்துக்கு இசையையும் சில சத்தங்களையும் சேர்த்துப் பார்த்தது. பலிக்கவில்லை. படம் நஷ்டம்.

இந்தப் படத்தின் விசேஷமே காற்றின் ஊளையைக் காதுக்குக் கொடுக்காமல் கண்ணுக்குக் கொடுத்ததுதான். படப்பிடிப்பில் அத்தனை புரொப்பெல்லர்கள் காது கிழியக் கத்தின. திரையில் அந்தச் சத்தம் மொத்தமும் லிலியனின் முகத்தில் இருக்கிறது. காது வந்த காலத்தில் கண்ணுக்கு எடுத்த படத்தை யார் பார்ப்பார்கள்?

லிலியனுக்கும் ஸ்டூடியோவுக்கும் இடையே அதற்குள் கசந்துவிட்டிருந்தது. கிரெட்டா கார்போ வந்துவிட்ட நேரம். ‘உங்களைப் பற்றிக் கிசுகிசுவே வரவில்லையே, ஒரு வம்பு கிளப்பிவிடட்டுமா?’ என்று ஸ்டூடியோ தரப்பில் தன்னிடம் கேட்டதாக லிலியன் எழுதியிருக்கிறார். நிஜ நடிப்புக்குத் தோலை இழந்தவரிடம் பொய்க் காதலுக்குத் தேதி கேட்டிருக்கிறார்கள்! ‘நன்றி, வருகிறேன்’ என்று கிளம்பி, 1930-ல் நியூயார்க் நாடக மேடையில் செகாவின் ‘அங்கிள் வான்யா’வில் நடிக்கப் போய்விட்டார்.

லார்ஸ் ஹான்சன் ஸ்வீடனுக்குத் திரும்பினார். ஷோஸ்த்ரோமும் ஒரே ஒரு பேசும் படத்தை எடுத்துவிட்டு 1930-ல் ஊர் போய்ச் சேர்ந்தார். அதன்பின் அவர் டைரக்ட் செய்தது சொற்பம், பெரும்பாலும் நடிப்புதான். இங்மர் பெர்க்மனின் ‘வைல்டு ஸ்ட்ராபெர்ரீஸ்’ (1957) பார்த்தவர்களுக்கு அந்தக் கிழவரின் முகம் மறந்திருக்காது. காரில் உட்கார்ந்து பழைய வாழ்க்கையை நினைத்துப் பார்க்கும் புரொஃபசர். அவர்தான் இவர்! அந்த முகத்தைக் கொண்டாடிய ரசிகர்களில் எத்தனை பேருக்கு, மொஹாவியில் புரொப்பெல்லர்களுக்கு நடுவே நின்றவர் என்று தெரிந்திருக்குமோ, சந்தேகம்தான்.

1983-ல் கெவின் பிரவுன்லோ, டேவிட் கில் என்கிற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் லண்டன் தேம்ஸ் டெலிவிஷனுக்காகப் படத்தைத் தூசி தட்டி எடுத்து, கார்ல் டேவிஸின் புது இசையோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். தொண்ணூறை நெருங்கிய லிலியன் கிஷ் அதற்கு அறிமுகம் பேசினார். பேசியது என்ன? வெயில், புரொப்பெல்லர், அந்த முடிவு...

1993 பிப்ரவரியில், நூறுக்குச் சில மாதங்கள் இருக்க, அவர் காலமானார். அதே வருடக் கடைசியில் அமெரிக்க அரசு தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ‘தி விண்ட்’டைச் சேர்த்தது. 2024 ஜனவரி 1-ம் தேதியோடு அமெரிக்காவில் காப்புரிமையும் முடிந்துவிட்டது. படம் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். கார்ல் டேவிஸ் இசையோடு இருக்கும் பிரதி கிடைத்தால் அதையே பாருங்கள். ஜன்னல் காட்சி வரும்போது மட்டும் ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுப் பாருங்கள். காற்று கேட்கும்.